சோள வரிசையும் சத்துணவுக் கணக்கும்: ஆட்டிசம், பள்ளிக்கூடம் பற்றி ஒரு குறிப்பு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அக்கா போன் பண்ணினாள். அவளுடைய சின்னப் பையனுக்கு ஐந்து வயசு முடிகிறது. ஆட்டிசம் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்தில் "ஒரு இடத்துல உட்காரப் பழக்கிட்டு அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்றார்களாம். இன்னொரு இடத்தில் "வீட்ல மூணு பாஷை பேசுறீங்க, அதான் பிள்ளை குழம்பிட்டான், மொதல்ல ஒரே பாஷைக்கு மாறுங்க" என்றார்களாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், "நீ எப்படிடா படிச்ச?" என்று கேட்டாள்.

எனக்கும் ஆட்டிசம்தான். அது எனக்குத் தெரிந்தது 29 வயசில். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அந்தச் சொல்லே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால் அக்காவுக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. "யோசிச்சு எழுதி அனுப்பறேன்க்கா" என்றேன்.

இந்தப் பக்கத்தில் வழக்கமாக நடுகல், பாளையம், பழைய பெருவழி என்று எழுதுகிறவன் நான். இந்தத் தடவை விஷயம் வேறு, வேலை அதே வேலைதான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள், யார் படிக்க வைத்தார்கள், எதில் கெட்டது, எதில் நன்றாக வந்தது என்று பழைய பதிவுகளைத் தேடிப் படித்தேன். அக்காவுக்கு எழுதியதைக் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன்.

எங்க ஊர்ப் பிள்ளை

பாகலூர், ஓசூரிலிருந்து மாலூர் போகிற ரோட்டில் இருக்கிறது. கர்நாடக எல்லை பக்கம்தான். 1956 மொழிவழி மாநிலப் பிரிவினையில் எங்கள் ஓசூர் தாலுகா சென்னை மாநிலத்தோடு நின்றது. முதலில் சேலம் மாவட்டம், 1965இல் தருமபுரி, 2004இல் கிருஷ்ணகிரி. மாவட்டப் பெயர் மாறியது, வீட்டுக்குள் பாஷை மாறவில்லை. அவ்வா பேசியது தெலுங்கு. பக்கத்து வீட்டு அஜ்ஜி கன்னடம். அப்பா வேலை பார்த்த சிப்காட் கம்பெனியிலும் என் பள்ளிக்கூடத்திலும் தமிழ்.

நாலு வயசு வரை நான் பேசவில்லை. பேச ஆரம்பித்ததும் கேட்ட கேள்வியையே திருப்பிச் சொன்னேன். "சாப்பிட்டியா?" என்றால் "சாப்பிட்டியா?" என்பேன். எனக்குப் பசி என்று அதற்கு அர்த்தம். அம்மாவுக்கு மட்டும் அது புரியும். மற்றபடி என் வேலை லாரி எண்ணுவது. மாலூர் ரோட்டோரம் திண்ணையில் உட்கார்ந்தால் இருட்டும் வரை எழுந்திருக்க மாட்டேன். டி.என். 29 எங்க ஊர் வண்டி, கே.ஏ. 07 கோலார் வண்டி, ஏ.பி. 03 சித்தூர் வண்டி. எது எத்தனை போயிற்று என்று அவ்வாவிடம் ஒப்பிப்பேன். அவ்வா "அட்லாகா!" என்று தலையை ஆட்டுவார். அவ்வளவுதான், மேலே ஒன்றும் கேட்க மாட்டார்.

பள்ளிக்கூடம் வேறு கதை. பெல் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவேன். பிரேயர் வரிசையில் முன்னாலும் பின்னாலும் ஆள் நின்றால் உடம்பெல்லாம் எரியும், ஓடிவிடுவேன். அடி வாங்கினேன், வெயிலில் நின்றேன், பள்ளிக்கூடம் மாறினேன். "இவனுக்குப் படிப்பு ஏறாது, மாடு மேய்க்க விடுங்க" என்று அம்மாவிடம் என் முன்னாலேயே சொன்னார்கள். எனக்குப் பேச வராதே தவிர, கேட்கும்.

ஆறாம் வகுப்பில் ஒரு கணக்கு சார் வந்தார். நான் பிரேயரில் ஓடுவதை ஒரு வாரம் பார்த்திருப்பார். அடுத்த திங்கட்கிழமை ஒரு துண்டுச்சீட்டையும் பென்சிலையும் கொடுத்து, "வகுப்பு வகுப்பாப் போய்ச் சத்துணவு சாப்பிடறவங்களை எண்ணி எழுதி ஆயாகிட்ட குடு" என்றார். அன்றிலிருந்து அது என் வேலை. பிரேயர் முடிந்து எல்லாரும் வகுப்புக்குள் போகும் வரை நான் தனியாக வேப்பமரத்தடியில் நிற்கலாம், பிறகு எண்ணப் போகலாம். பெல்லும் எப்போது அடிக்கும் என்று முன்கூட்டியே தெரியும், ஏனென்றால் எண்ணி முடித்ததும்தான் அடிப்பார்கள்.

முட்டை போடுகிற ஒரு நாள். நான் 214 என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பரிமாறும்போது நாலு முட்டை குறைந்தது. பெரிய வகுப்புப் பையன்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆயா திரும்பக்கூட இல்லை. "அவன் எழுதினா சரியாத்தான் இருக்கும், பானையைப் பாருங்கடா" என்றார். முட்டை பானைக்குள்தான் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பெரியவர் என்னை நம்பி ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் நான் படித்தது, டிப்ளமோ வாங்கியது, கம்பெனியில் அளவு சரிபார்க்கிற வேலைக்குப் போனது, அஞ்சல் வழியில் வரலாறு எம்.ஏ. முடித்தது எல்லாவற்றுக்கும் நான் தேதி போடுவது அந்த முட்டை நாளிலிருந்துதான்.

இது ஏதோ என் ஒருவனுடைய கதை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். டொனால்ட் பற்றிப் படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முதல் பையன்

ஆட்டிசம் என்று மருத்துவத்தில் பதிவான முதல் பிள்ளை டொனால்ட் டிரிப்லெட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர். 1933இல் பிறந்தவர். அப்பா வக்கீல், அம்மாவின் குடும்பம் உள்ளூர் வங்கிக்குச் சொந்தக்காரர்கள். பையன் யாரையும் ஏறிட்டுப் பார்க்க மாட்டான், கேட்ட வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்வான், தன்னை "நீ" என்பான், வட்டமான சாமான் கிடைத்தால் சுழற்றிக்கொண்டே இருப்பான். அந்தக் கால வழக்கப்படி டாக்டர்கள் சொன்னதைக் கேட்டு 1937இல், நாலு வயசுகூட முடியாத பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து ஒரு காப்பகத்தில் விட்டார்கள். ஒரு வருஷம் போல அங்கே இருந்தான். பெற்றோருக்கு மனசு கேட்கவில்லை, திருப்பிக் கூட்டி வந்துவிட்டார்கள்.

1938இல் அவன் அப்பா, பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த லியோ கானருக்கு ஒரு கடிதம் எழுதினார். 33 பக்கம், தட்டச்சு செய்தது. பிள்ளை என்ன செய்கிறான், எதற்கு அழுகிறான், எதைப் பார்த்தால் சிரிக்கிறான் என்று ஒன்று விடாமல். கானர் 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில் டொனால்ட்தான் முதல் ஆள். ஆட்டிசம் பற்றிய மருத்துவ வரலாறே ஒரு தகப்பனுடைய கடிதத்திலிருந்து தொடங்குகிறது என்று சொல்லலாம்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்கு அடுத்து நடந்தது. டொனால்டுக்கு ஒன்பது வயசு ஆனபோது, ஊரிலிருந்து பத்து மைல் தள்ளி ஒரு குத்தகை விவசாயி வீட்டில் தங்க வைத்தார்கள். அவர்கள் மனோதத்துவம் படித்தவர்கள் இல்லை. பையன் எதையாவது அளந்துகொண்டே இருப்பதைப் பார்த்தார்கள். கிணறு தோண்டச் சொல்லி எத்தனை அடி ஆயிற்று என்று கேட்டார்கள். செத்த பறவை, பூச்சி என்று பொறுக்கிக்கொண்டே வந்தான். அதற்கென்று ஒரு மூலையில் மயானம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். சோளக்கொல்லையில் வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டே இருந்தான். எண்ணு, ஆனால் ஏர் ஓட்டிக்கொண்டே எண்ணு என்றார்கள். 1945இல் கானர் நேரில் போனபோது, பையன் குதிரையைப் பூட்டி ஆறு நீள வரிசை உழுது காட்டினான். பக்கத்துக் கிராமப் பள்ளிக்கூடத்துக்கும் போய்க்கொண்டிருந்தான். அங்கே அவனுடைய விசித்திரங்களை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எண்ணாதே என்று அவர்கள் சொல்லவில்லை. என் அவ்வா லாரிக் கணக்கைக் கேட்டுக்கொண்டார், சார் அதைச் சாப்பாட்டுக் கணக்காக மாற்றினார். மிசிசிப்பியிலும் பாகலூரிலும் ஒரே யோசனை.

டொனால்ட் உயர்நிலைப் பள்ளி முடித்தார், கல்லூரியில் பிரெஞ்சு படித்து 1958இல் பட்டம் வாங்கினார், குடும்ப வங்கியில் வேலை பார்த்தார், 27 வயசில் கார் ஓட்டப் பழகினார், ஊர் ஊராகத் தனியாகச் சுற்றினார். 2023 ஜூனில், 89 வயசில் இறந்தார். உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்தில் எத்தனை செங்கல் என்று பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொன்னவர் என்று ஊரில் அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. ஜான் டான்வன், கேரன் சக்கர் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் வயதான டொனால்டைத் தேடிப் போய்க் கேட்டார்கள். எண்ணவில்லை, மனசுக்கு வந்த ஒரு நம்பரைச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டாராம். அந்தப் பையன்கள் தன்னைப் பற்றி நல்லபடி நினைக்க வேண்டும் என்பதற்காக. அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆட்டிசம் இருப்பவனுக்கு மற்றவர்கள் என்ன நினைத்தாலும் கவலை இல்லை என்று சொல்கிறவர்கள் அந்த இடத்தைப் படிக்க வேண்டும்.

மற்றப் பிள்ளைகள்

இதே கதையை இன்னொரு பக்கத்திலிருந்தும் சொல்ல வேண்டும். 1971இல் கானர் அந்த 11 பேரும் என்ன ஆனார்கள் என்று தேடி எழுதினார். அரசு மனநல நிறுவனங்களில் விடப்பட்ட பிள்ளைகள் சீக்கிரமே மங்கிப் போனார்கள் என்பது அவருடைய முடிவு. ஆரம்பத்தில் அவர்களிடமும் நினைவாற்றல் இருந்தது, ஆர்வம் இருந்தது. உள்ளே போன பிறகு ஒன்றும் மிஞ்சவில்லை. அங்கே சேர்ப்பது ஆயுள் தண்டனைக்குச் சமம் என்ற பொருளில் எழுதினார். டொனால்டுக்கு வசதியான வீடு, கடிதம் எழுதத் தெரிந்த அப்பா, புரிந்துகொண்ட விவசாயி, எல்லாம் அமைந்தன. மற்றவர்களில் பலருக்கு அமையவில்லை.

கானருக்கு முன்பே இதைப் பார்த்த ஒரு பெண் டாக்டர் உண்டு. கிரூன்யா சுகரேவா, மாஸ்கோ. 1925இல் ஆறு பையன்களைப் பற்றி எழுதினார், அடுத்த வருஷம் அது ஜெர்மனிலும் வந்தது. இன்று ஆட்டிசம் என்று சொல்கிற குணங்கள் அதில் அப்படியே இருக்கின்றன. அவர் அந்தப் பையன்களைப் பார்த்த இடம் சிகிச்சையும் படிப்பும் சேர்ந்த ஒரு பள்ளி. உடற்பயிற்சி, ஓவியம், மரவேலை எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். உலகம் அவரை ரொம்ப காலம் மறந்திருந்தது.

வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் எழுதினார். தான் பார்த்த பையன்களின் தனித்திறமையைப் பற்றி மெச்சி எழுதியவர் என்று அவருக்கு ரொம்ப நாள் நல்ல பெயர். 2018இல் ஹெர்விக் செக் என்ற வரலாற்றாய்வாளர் பழைய ஆவணங்களை வெளியிட்டார். திறமை இல்லை என்று முடிவு கட்டிய சில பிள்ளைகளை ஆம் ஷ்பீகல்கிரண்ட் என்ற இடத்துக்கு அனுப்பப் பரிந்துரைத்தவரும் அதே ஆஸ்பெர்கர்தான். நாஜி ஆட்சியில் அங்கே கிட்டத்தட்ட 800 பிள்ளைகள் செத்தார்கள்.

இதை அக்காவுக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொன்னேன். ஏனென்றால் "ஆட்டிசம் பிள்ளைங்களுக்கு ஏதாவது ஒரு பெரிய திறமை இருக்குமாமே" என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் அவளிடம் ஆறுதல் சொல்கிறார்கள். திறமை இருந்தால் சந்தோஷம். ஆனால் திறமையைக் காட்டினால்தான் இடம் என்று ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று வியன்னாவில் பார்த்துவிட்டோம். நான் எண்ணியது ஒன்றும் மேதைத்தனம் இல்லை. 214 பேரை யார் வேண்டுமானாலும் எண்ணலாம்.

அம்மாக்கள் மேல் விழுந்த பழி

என்னைப் பற்றி எங்கள் தெருவில் சொன்னது, "அம்மாக்காரி ரோஜாத் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிட்டா, பிள்ளை தனியாக் கிடந்து இப்படி ஆயிட்டான்" என்று. அம்மா சாகும் வரை அதை நம்பினார்.

இதுவும் எங்கள் தெருவில் பிறந்த யோசனை இல்லை. 1940களின் கடைசியிலிருந்தே பெற்றோரின் பாசக்குறைவுதான் காரணம் என்ற பேச்சு டாக்டர்களிடம் இருந்தது. கானரே அதற்கு இடம் கொடுத்தார். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய புத்தகம் அதை ஊரெல்லாம் பரப்பியது. அதற்கு மூன்று வருஷம் முன்பே பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், தானே ஒரு ஆட்டிசம் பிள்ளையின் அப்பா, இது மூளையின் அமைப்பைச் சேர்ந்தது என்று எழுதியிருந்தார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 ஜோடி இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு என்று காட்டினார்கள். அம்மா ரோஜாத் தோட்டத்துக்குப் போனதற்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டபோது அம்மா இல்லை.

பழி சுமந்த அம்மா அப்பாக்கள்தான் பள்ளிக்கூடங்களையும் கட்டினார்கள். இங்கிலாந்தில் 1962இல் பெற்றோர்கள் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். அவர்களுடைய முதல் பள்ளி 1965இல் லண்டன் ஈலிங்கில் சிபில் எல்கர் தலைமையில் திறந்தது. 1973இல் லாரன்ஸ் பார்டக்கும் ரட்டரும் மூன்று வகையான பள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிள்ளையை அவன் போக்கில் விட்டுப் பார்க்கிற இடத்தைவிட, இன்ன நேரத்தில் இன்ன பாடம் என்று ஒழுங்காகக் கற்றுக்கொடுத்த இடத்தில் பிள்ளைகள் அதிகம் படித்தார்கள். எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். பெல் எப்போது அடிக்கும் என்று தெரிந்ததும் நான் பெஞ்சுக்கு அடியிலிருந்து வெளியே வந்தவன்.

ஓசூர் ரோட்டில்

எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் இந்த மாதிரி விஷயத்துக்குப் போவது பெங்களூர்தான். நிம்ஹான்ஸ் இருக்கிற ரோட்டின் பெயரே ஓசூர் ரோடு. மைசூர் சமஸ்தானத்தின் பழைய மனநல மருத்துவமனையும், 1954இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையமும் 1974இல் ஒன்றாகி நிம்ஹான்ஸ் ஆயிற்று. மைசூரில் 1965இல் பேச்சு, செவித்திறனுக்கான தேசிய நிறுவனம் வந்தது. அதாவது நான் பாகலூரில் லாரி எண்ணிக்கொண்டிருந்தபோது, பஸ்ஸில் போகிற தூரத்தில் ஆட்டிசம் தெரிந்த டாக்டர்கள் இருந்தார்கள். தெரியாதது எங்களுக்குத்தான்.

அதே வருஷங்களில் அதே கர்நாடகத்தில் டீட்டோ முகோபாத்யாய் வளர்ந்துகொண்டிருந்தார். 1989இல் பிறந்தவர், பேச்சு வராதவர். அம்மா சோமா வீட்டிலேயே எழுத்துப் பலகை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். எட்டு வயசிலிருந்து பதினொன்றுக்குள் அவர் எழுதியவை 2000இல் இங்கிலாந்தின் தேசிய ஆட்டிசம் சங்கத்தின் மூலம் புத்தகமாக வந்தன. 2001இல் அம்மாவும் பிள்ளையும் அமெரிக்கா போனார்கள். சோமா அந்த முறையை அங்கே மற்றப் பிள்ளைகளுக்கும் பரப்பினார். அதில் எழுத்து பிள்ளையிடமிருந்து வருகிறதா, பக்கத்தில் பலகை பிடிப்பவரிடமிருந்து வருகிறதா என்ற கேள்வி தீரவில்லை; அமெரிக்கப் பேச்சு-மொழி-செவித்திறன் சங்கம் 2018இல் அந்த முறை வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. அதனால் அக்காவிடம், "யாராவது பலகை முறைன்னு காசு கேட்டா உடனே ஒத்துக்காதே" என்றேன். ஆனால் பேச்சு வராத பிள்ளைக்குப் பாடம் எடுப்பது வீண் என்று ஊரே நினைத்த காலத்தில், பக்கத்து மாநிலத்தில் ஒரு அம்மா தினமும் பாடம் எடுத்தார் என்பதையும் சொன்னேன். பேசாததும் புரியாததும் ஒன்றில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தவனுக்கு அது தெரியும்.

அதிர்ஷ்டமும் சட்டமும்

என்னைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம். கணக்கு சாருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தால் இந்தக் குறிப்பை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அக்கா பையனுக்கு அதிர்ஷ்டத்தோடு இன்னொன்றும் இருக்கிறது.

1995இல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைதான் இருந்தது. அதில் ஆட்டிசம் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் வெயிலில் நின்றபோது, சட்டத்தின் கணக்கில் எனக்கு ஒன்றும் கிடையாது; வெறும் அடங்காத பையன். டெல்லியில் மெர்ரி பரூவா என்ற அம்மா 1991இல் தொடங்கிய அமைப்பு போன்றவை தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தன. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில்தான் ஆட்டிசம் முதலில் பெயரோடு வந்தது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தில், 2012 திருத்தத்துக்குப் பிறகு இந்தப் பிள்ளைகளும் தெளிவாகச் சேர்ந்தார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் வகைகள் 21 ஆயின, அதில் ஆட்டிசம் ஒன்று. அரசுப் பள்ளியோ, அரசு உதவி பெறும் பள்ளியோ, ஆட்டிசம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது. சான்றிதழில் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 6 வயசிலிருந்து 18 வரை பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை.

சான்றிதழுக்கு இந்தியாவிலேயே தயாரித்த ஓர் அளவுகோல் இருக்கிறது. 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் உண்டு, பள்ளிக்கு வருவார். பொதுத்தேர்வு சமயத்தில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் உண்டு. கேட்டு வாங்க வேண்டும், முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஒரு ஷிப்ட் கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. மாமாவுக்கு அதுதான் கவலை.

அரசுத் தாள்களில் இதற்குத் தமிழில் "புற உலகச் சிந்தனையற்றவர்" என்று ஒரு பெயர் எழுதுவார்கள். புற உலகத்தில் போன லாரி அத்தனையும் எண்ணினவனுக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும் என்று தெரியவில்லை. மதியிறுக்கம் என்றும் சொல்கிறார்கள். நான் ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

மூணு பாஷை

கடைசியாக, அக்காவைத் தூங்கவிடாத விஷயம். ஒரே பாஷைக்கு மாறச் சொன்னது. மாறினால் எந்தப் பாஷையை விடுவது? தமிழை விட்டால் பள்ளிக்கூடம் இல்லை. தெலுங்கை விட்டால் மாமியார் பேரனோடு பேச முடியாது. ஏற்கெனவே குறைவாகப் பேசுகிற பிள்ளையோடு பேசுகிற ஆட்களையும் குறைப்பது என்ன வைத்தியம்?

பல நாடுகளில் இதே யோசனையைச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆராய்ந்து பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். மான்ட்ரியலில் ஹாம்ப்ளியும் ஃபோம்போனும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு பாஷை கேட்டு வளர்ந்த ஆட்டிசம் பிள்ளைகளுக்கு ஒரு பாஷைப் பிள்ளைகளைவிடக் கூடுதல் தாமதம் எதுவும் தெரியவில்லை. பின்னால் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதே பக்கம்தான். எனக்கு எண்கள் தெலுங்கில்தான் முதலில் வந்தன, சத்துணவுச் சீட்டில் தமிழில் எழுதினேன். ஒன்றும் குழம்பவில்லை.

இவ்வளவும் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அக்கா திரும்பக் கூப்பிட்டாள். "ரொம்ப எழுதியிருக்க. இப்ப நான் என்ன பண்ணணும், அதைச் சொல்லு" என்றாள்.

டொனால்டின் அப்பா எழுதியது மாதிரி ஒரு கடிதம் எழுது என்றேன். 33 பக்கம் வேண்டாம், சேர்க்கிற பள்ளிக்கூடத்து டீச்சருக்கு ஒரே பக்கம். என்ன வராது என்பது ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. என்ன வரும் என்பதை நீ எழுது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். குக்கர் விசில் பிடிக்காது, எப்போது அடிக்கும் என்று முன்கூட்டிச் சொன்னால் தாங்கிக்கொள்வான். தலையில் கை வைத்தால் கத்துவான், தோளில் வைக்கலாம். "வா" என்று சொன்னால் நகர மாட்டான், எங்கே போகிறோம் என்று சொன்னால் வருவான். பசித்தால் தட்டைக் கொண்டு வந்து கொடுப்பான். விடியற்காலையில் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் போர் மோட்டார் ஓடும்போது, எது யாருடைய மோட்டார் என்று சத்தத்தை வைத்தே அவனுக்குத் தெரியும்.

"அந்த மோட்டார் விஷயத்தையும் எழுதணுமா?" என்று கேட்டாள்.

அதை முதல் வரியாக எழுது என்றேன்.